என்ன படிக்க விருப்பம் என்று கேட்டால்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியது இருவர். ஒரே வாங்கில் இருந்து உயிரியல் படித்து, ஒரே ஆண்டில் மருத்துவபீடம் போனவர்கள். எங்களில் ஒருவருக்கு இந்த மாவட்டத்தில் வேலை, மற்றவருக்கு இங்கிலாந்தில். இரண்டு கிழமையாகத் தொலைபேசியில் வாய்த்தர்க்கப்பட்டு எழுதியதை இங்கே வாசிக்கிறோம். ஆகையால் "நாங்கள்" என்று வருகிற இடத்தை மரியாதைப் பன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையாகவே இரண்டு பேர்தான்.

பெண்கல்வியும் எதிர்காலமும் பற்றிப் பேசும்படி விழாக்குழு கேட்டது. அது மிகப் பெரிய தலைப்பு. நாங்கள் இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசப்போகிறோம்.

ஒருத்தி எங்கள் இருவரில் ஒருவரின் மகள். இங்கிலாந்தில் பிறந்தவள், பதினேழு வயது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று நிற்கிறாள். காரணம் கேட்டால், "அங்கே கட்டாயப் பாடம் என்று ஒன்றும் இல்லை, எதைப் படிப்பது என்று நானே தீர்மானிக்கலாம்" என்கிறாள்.

மற்றவள் இந்தத் தீவின் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள், எமது கல்லூரி மாணவி. பெயர் சொல்லமாட்டோம், சபையில் தேடவும் வேண்டாம். உயிரியல் பிரிவில் படித்து, அரச பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில் வங்காளதேசத்தின் சிற்றகொங் நகரில் இருக்கிற ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் புலமைப்பரிசிலோடு அழைத்திருக்கிறது. ஒரு பின்னேரம் தாயோடு வைத்தியர் விடுதி வாசலுக்கு வந்தாள். "அக்கா, ரெண்டும் கிடைச்சிருக்கு. எதுக்குப் போறது?" என்றாள்.

தாய் முந்திக்கொண்டார். "கையில கிடைச்சதை விட்டிட்டுப் போறதோ பிள்ளை? நீங்களே சொல்லுங்கோ."

அன்றைக்கு நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. எங்களிடம் யாரும் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நல்ல பெறுபேறு வந்தது, "நீங்கள் ரெண்டு பேரும் பயோ" என்று ரீச்சர் சொன்னார், வீட்டில் சந்தோசப்பட்டார்கள். பதினாறு வயதில் நடந்த அந்த ஒரு வசனத்தோடு எங்கள் தெரிவு முடிந்தது. எங்களில் ஒருத்திக்கு வரலாறென்றால் உயிர். அது யாருடைய கணக்கிலும் வரவில்லை, எங்களுடைய கணக்கிலுங்கூட.

மருத்துவபீடத்திலும் அப்படித்தான். ஐந்து வருடம். உடலமைப்பியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனம் என்று தொடங்கி வார்டுவரை எல்லாருக்கும் ஒரே நேரசூசி. நாடி, நாளம், இழைமணி என்று தமிழில் படித்துவிட்டுப் போய், முதல் மாதங்களில் அதையே ஆங்கிலத்தில் தேடித் தேடி எழுதினோம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. அதில் குறையும் சொல்லமாட்டோம். ஈரலை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை மட்டும் படித்த வைத்தியரிடம் யார் போவார்கள்?

ஆனாலும் வேலைக்கு வந்த பிறகு ஒன்றைக் கண்டோம். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற பெடியன்களை, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆழத்தில் கனநேரம் நின்றவர் சடாரென்று மேலேறினால், உடம்பில் கரைந்திருந்த நைதரசன் குமிழி குமிழியாகக் கிளம்பும். சோடாப் போத்தலைத் திறந்தது மாதிரி. முள்ளந்தண்டு நரம்பில் அடைத்தால் கால் விழுந்துவிடும். ஒட்சிசன் கொடுக்கவேண்டும், அழுத்த அறை இருக்கிற இடத்துக்கு விரைவாக அனுப்பவேண்டும். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் மூன்றாம் முறையும் அவன் ஏன் இறங்கினான்? முதலாளிக்கு எவ்வளவு கடன், அட்டை யார் கையால் எங்கே போகிறது, அனுமதிப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, சுழியோடக் கற்றுக்கொடுத்தது யார்? இவை தெரியாமல் அந்த வியாதியைத் தடுக்க முடியாது. இவற்றில் ஒன்றுகூட எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் சட்டம் தெரிந்திருந்தால் எங்கே போய் யாரிடம் கேட்பது என்றாவது விளங்கியிருக்கும்.

சரி, இந்தப் "பாடத்தை நீயே தெரிவு செய்" என்ற முறை என்னவென்று பார்ப்போம்.

பிரவுன் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருக்கிற பழைய பல்கலைக்கழகம், 1764இல் தொடங்கியது. 1960களின் கடைசியில் ஐரா மகசினர், எலியட் மக்ஸ்வெல் என்ற இரண்டு மாணவர்கள், தங்கள் கல்வி எப்படி இருக்கவேண்டும் என்று நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையொன்றை எழுதினார்கள். மற்ற மாணவர்களும் சேர்ந்துகொள்ள, 1969இல் விரிவுரையாளர்கள் வாக்களித்து அதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் எழுதிய பாடத்திட்டத்தை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை எமது காலத்து ஒழுக்காற்று ஆசிரியை கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அன்று தொடங்கி அங்கே எல்லோரும் எடுக்கவேண்டிய பொதுப் பாடத் தொகுதி கிடையாது. பட்டத்துக்குக் குறைந்தது 30 பாடநெறிகளில் சித்தியடையவேண்டும். ஏதாவது ஒரு துறையை முதன்மையாக எடுத்து முடிக்கவேண்டும். அதை இரண்டாம் வருட முடிவுக்குள் சொன்னால் போதும். எழுதத் தெரியும் என்று காட்டவேண்டும். விரும்பினால் ஒரு பாடத்தைத் தரப்புள்ளி இல்லாமல், சித்தி என்ற அளவில் மட்டும் எடுக்கலாம். சித்தியடையாத பாடம் வெளியாருக்குக் கொடுக்கும் பெறுபேற்றுப் பத்திரத்தில் வராது. கணிதப் பிள்ளை பயமில்லாமல் நாடகம் படித்துப் பார்க்கட்டும் என்பதே நோக்கம். மசசூசெற்ஸ் மாநிலத்தின் அம்ஹேர்ஸ்ற் கல்லூரியும் இந்த வழிதான். அங்கே முதலாம் வருடக் கருத்தரங்கு ஒன்று மட்டுமே எல்லோருக்கும் கட்டாயம்.

சிற்றகொங்கில் அவ்வளவு திறந்த முறை இல்லை. 2008இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் அணியிலேயே இலங்கைப் பிள்ளைகள் போனார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அதற்குத் தயாரில்லாத பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்பு உண்டு. எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றன. அதன்பிறகு ஒரு துறையை எடுத்து, பக்கத்தில் வேறு துறைகளையும் தொட்டுப் படிக்கலாம். உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை அங்கே பொருளியல் வகுப்பில் போய் இருந்தால், நீ ஏன் இங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் புதுக்கூத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியில், தமிழ் இலக்கணமும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் தத்துவமும் ஒரே மாணவன் படித்தான். நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளின் முறையைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள். அங்கே படித்தவர்தான் சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பிறகு நீதிபதி, ஏட்டுச்சுவடி தேடிப் பதிப்பித்த தமிழறிஞர். அவர் எந்தப் பிரிவு, பயோவா ஆர்ட்ஸா என்று கேட்டால் என்ன சொல்வது?

இனி அந்தத் தாயின் கேள்வி. "கையில கிடைச்சதை விட்டிட்டுப் போறதோ?" வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சகோதரிகள் சிலருக்கு அது பயந்த சுபாவமாகத் தெரியலாம். அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால் எங்கள் இருவரின் தாய்மாரும் பள்ளிக்கூட வாசலோடு நின்றிருப்பார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மன்னார் அதில் ஒன்று. எங்களுக்கும் அந்த வழியால்தான் கதவு திறந்தது. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. 1990இல் பாலம் உடைந்து, வகுப்பில் பாதிப் பேர் மடுவுக்கும் இந்தியாவுக்கும் போய், முஸ்லிம் தோழிகள் ஒரே கிழமையில் புத்தளம் போய்ச் சேர்ந்து, இருந்தவர்கள் லாம்பு வெளிச்சத்தில் படித்த ஊர் இது. 2001இல் நாங்கள் எழுதிய பரீட்சைக்குத்தான் முதன்முதல் இசட் புள்ளி போட்டார்கள். அது என்னவென்று சொல்லித்தர அன்றைக்கு இங்கே ஆள் இருக்கவில்லை.

அப்படிக் கிடைக்கும் இடத்தில் பதிந்துவிட்டால், பிறகு அதே உயர்தரப் பெறுபேற்றைக் காட்டி வேறு பாடநெறிக்குத் திரும்பவும் விண்ணப்பிக்க முடியாது. பதியாமல் விட்டால் இடம் இன்னொருவருக்குப் போகும். இரண்டு பக்கமும் கதவு மூடும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்துப் பிள்ளை பிரவுனுக்குப் போய், ஒரு வருடம் எகிப்திய வரலாறும் கணினியும் படித்து, பிடிக்காமல் திரும்பி வந்தாலும் படுக்க அறை இருக்கும், தாய் தகப்பனின் சம்பளம் இருக்கும். வைதுவிட்டு மறுபடி அனுப்புவார்கள். பிழையாகத் தெரிவு செய்வதற்கும் அவளிடம் பணம் இருக்கிறது. தீவுப் பிள்ளை பிழை விட்டால் தகப்பனின் வள்ளத்துக்கு வாங்கிய கடனோடு அதுவும் சேரும். ஆகவே "உன் மனம் சொல்வதைக் கேள்" என்று மேடையில் நின்று சொல்வது எங்களுக்குச் சுகம். அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

இரண்டாம் முறை வந்தபோது சில விடயங்களைக் கறாராகவே கேட்டோம். வைத்தியராக வரும் ஆசை உள்ளுக்குள் இருக்கிறதா என்பது முதலாவது. இருந்தால் இந்த வழி சுற்றுவழி. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. வெளிநாட்டில் மருத்துவம் முடித்துவந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேறித்தான் இங்கே வேலை. அவள் தலையை ஆட்டினாள். இரத்தம் கண்டால் பயமாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுவாங்கச் சொன்னோம். வாய்ப்பேச்சில் "ஓம் ஓம்" என்பவரின் சொல் பத்து வருடத்துக்குப் பிறகு நேர்முகப் பரீட்சையில் உதவாது. பட்டதாரி ஆசிரியர் வேலைக்குப் போனால் என்ன பாடத்தில் பட்டம் என்று கேட்பார்கள். "பலதும் படித்தேன்" என்ற மறுமொழி அங்கே எடுபடாது, ஆகவே ஒரு துறையையாவது ஆழமாகப் படிக்கவேண்டும் என்றும் சொன்னோம். புலமைப்பரிசில் எதை எதை மூடும், எந்த வருடம்வரை, புள்ளி குறைந்தால் என்ன நடக்கும், இடையில் ஒருமுறை வீட்டுக்கு வர ரிக்கெற் யார் எடுப்பது என்று கடிதத்தை வரி வரியாக வாசித்தோம். தாய் அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய பயம் வேறு. 2024 யூலையில் வங்காளதேசத்தில் மாணவர் போராட்டம் பெருத்து, இன்ரநெற்றையும் நிறுத்தினார்கள். அடுத்த மாதம் ஆட்சியே மாறியது. "நாங்கள் சண்டைக்குள்ள வளர்ந்தனாங்கள், பிள்ளையைத் தெரிஞ்சுகொண்டு அனுப்பேலுமோ?" என்றார். ஏ-9 வீதி 2006இல் பூட்டியபோது நாங்கள் யாழ்ப்பாணத்துக்குள் அகப்பட்டு, வீட்டோடு பேச வழியில்லாமல் கிடந்தோம். எங்கள் தாய்மாரும் இதையேதான் கேட்டிருப்பார்கள். அந்த நாட்டில் இப்போது படிக்கும் இலங்கைப் பிள்ளைகளின் பெற்றோரோடு அவரைப் பேசவைப்பது மட்டுமே எங்களால் ஏலும். சங்கத்தின் மூலம் அது நடந்தது. முழுத் திருப்தி அவருக்கு இல்லை.

கடைசியாக இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வேலை கொடுத்தோம். ஒரு கொப்பித் தாளில் 30 கோடு போடு. பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு கோட்டிலும் நீ படிக்க விரும்பும் ஒரு பாடத்தையும், ஏன் என்று ஒரு வசனத்தையும் எழுது. சொல்லிவிட்டு நாங்களும் ஆளுக்கொரு தாள் எடுத்தோம். மானம் போகிற விசயம், ஆனாலும் சொல்கிறோம். எங்களில் ஒருவர் ஒன்பதாம் கோட்டில் நின்றுவிட்டார், மற்றவர் பதினொன்றில். பல வருடம் வைத்தியம் செய்தவர்கள். "ஏன்" என்ற வசனம்தான் எங்களை மறித்தது.

இங்கிலாந்துப் பிள்ளை முப்பதையும் அரைமணித்தியாலத்தில் நிரப்பிவிட்டாள். வாசித்தால் எல்லாம் அழகான தலைப்புகள். "ஏன்" பகுதியில் பாதிக்கு "சுவாரசியமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. அவளை இன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லியிருக்கிறோம். கோபத்தில் இருக்கிறாள்.

தீவுப் பிள்ளை நான்கு நாள் எடுத்தாள். 22 கோடு நிரம்பியிருந்தது. முதலாவது புள்ளிவிபரவியல். ஏன்? அவள் எழுதியது இது: "காற்றாலைக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கணக்குச் சொன்னார்கள், எது சரி என்று பார்க்கத் தெரியவில்லை." இத்தீவின் தென்கரையில் 2020இல் வந்த 30 காற்றாலைகளை வீட்டு முற்றத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் சனம் வாரக்கணக்கில் வீதியில் இருந்தபோது, தாயோடு போய் இருந்திருக்கிறாள். "இஞ்சினியர் ஒண்டு சொல்லுறார், சட்டத்தரணி ஒண்டு சொல்லுறார், அப்பா ஒண்டு சொல்லுறார். மூண்டு பேர் சொல்லுறதும் விளங்குற ஒராளாய் வரவேணும் அக்கா" என்றாள். பட்டியலில் மண்ணியல் இருந்தது, பொருளியல் இருந்தது, பறவைகள் பற்றி ஒன்று, கடற்சட்டம் பற்றி ஒன்று. பதினான்காம் கோட்டில் வங்காள மொழி. ஏன்? "அங்கேயும் மீன்பிடிக்கிற ஆட்கள் இருப்பார்கள்."

மிச்சம் எட்டுக் கோடு ஏன் வெறுமை என்று கேட்டோம். "போனாப் பிறகுதானே தெரியும்" என்றாள்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. அவள் போகலாம் என்பதே எங்கள் எண்ணம். எல்லோரும் போகலாம் என்று சொல்லவில்லை. அவளோடு வந்த இன்னொரு பிள்ளையும் அதே வேலையைச் செய்து பார்த்தாள். முதல் ஆறு கோடும் தாவரவியலும் விலங்கியலும், அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. தனக்கு இங்கே கிடைத்த பட்டப்படிப்புத்தான் சரி என்று நிம்மதியாகப் போய்ப் பதிந்துவிட்டாள். அதுவும் நல்ல முடிவுதான்.

இப்போது சங்கத்திடம் ஒரு கேள்வி. எமது கல்வி உதவி நிதியின் விதியை எடுத்து வாசித்தோம். மருத்துவ, பொறியியல் பீடங்களுக்கு, அதுவும் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்களில் நாங்களும் இருந்தோம். அப்போது அதற்கு அப்பால் எங்களுக்குத் தோன்றவில்லை. கையெழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டோம். புலமைப்பரிசில் படிப்புச் செலவைப் பார்க்கிறது. கடவுச்சீட்டு, விசா, விமான ரிக்கெற், ஒரு மடிக்கணினி, வருடத்துக்கு ஒருமுறை வீடு வந்துபோகும் செலவு ஆகியவற்றை யாராவது பார்க்கவேண்டும். அதைவிட முக்கியமாக, ஒரு வருடத்தில் அவள் சரிவராது என்று திரும்பி வந்தால், வேறு வழியில் தொடர்ந்து படிக்க உதவுவோம் என்று இந்தச் சங்கம் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இங்கிலாந்துப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் கொடுக்கும் அந்த அறையை, இவளுக்குப் பழைய மாணவிகளாகிய நாம் கொடுக்கலாம். முதல் இரண்டு வருடச் செலவில் எங்கள் இருவரின் பங்கை ஏற்கனவே பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம்.

நிதிக்குழு வழக்கப்படி அடுத்த மாதம் முதல் ஞாயிறு கூடும். பல்கலைக்கழகப் பதிவுக்கான கடைசி நாள் அதற்கு ஒன்பது நாள் முந்தி. அந்த நாளுக்குள் தாய் ஒரு முடிவுக்கு வரவேண்டும். நாம் என்ன செய்வோம் என்று தெரியாமல் அவர் எப்படி வருவார்? ஆகவே தலைவி அவர்களே, குழுவினரில் பெரும்பாலானோர் இன்றைக்கு இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விஞ்ஞானகூடத்தில் அரைமணித்தியாலம் கூடமுடியுமா என்று கேட்டுக்கொள்கிறோம். திறப்பு அதிபரிடம் இருக்கிறது, வாங்கி வைத்திருக்கிறோம்.